ஆயர் மாத்தி என்கிற சக்களத்தி

தொண்டியிலிருந்து மலாயாவிலுள்ள மூவாருக்குக் குடித்தனம் நடத்த வந்த பெண்களை அந்தக் காலத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். வியாபாரத்துக்குப் போன ஆண்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார்கள், ஆறு மாதம் தங்குவார்கள், மறுபடி கப்பலேறுவார்கள். பெண்கள் ஊரோடு இருந்துவிடுவார்கள். மஜீதாவுக்கு அது ஒத்துவரவில்லை. ஒத்துவராததற்குக் காரணம் பாசம் என்று அவளுடைய உம்மா நினைத்துக்கொண்டார். மஜீதாவுக்குத் தெரியும், அது பொறாமைதான்.

கல்யாணமாகி நாலாவது வருஷம் கணவன் சுப்ஹான் ஊருக்கு வந்திருந்தபோது, மீன் குழம்பை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, தொட்டுக்கொள்ள மலாய்க்காரர்களின் மிளகாய்ச் சம்பால் இருக்கிறதா என்று கேட்டான். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். கடைச் சாப்பாட்டில் பழகிவிட்டது என்றான். அவனுக்கு அப்போது முப்பத்தைந்து வயது, அவளுக்கு இருபத்திரண்டு. கடையில் சாப்பிடுகிறவன் பொதுவாகக் கேட்பான். இவன் ஒரு பெண்ணின் கையைப் பார்த்துக் கேட்டதுபோல் கேட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. அன்றிலிருந்து விடவில்லை. அழுதாள், பட்டினி கிடந்தாள், வாப்பாவிடம் சொல்லி அவர் வாயால் சொல்ல வைத்தாள். 1926இல் சுப்ஹான் அவளையும் கூட்டிக்கொண்டு பினாங்குக் கப்பலில் ஏறினான். அங்கிருந்து கரையோர நீராவிக் கப்பல் ஒன்றில் மூவார் வந்து சேர்ந்தார்கள்.

கடை ஆற்றைப் பார்த்தாற்போல் இருந்தது. கீழே துணி, உப்பு, மண்ணெண்ணெய், கருவாடு. மேலே இரண்டு அறை. மேல் ஜன்னலைத் திறந்தால் துறைப் படிகள் தெரியும். மொத்தம் பதினொரு கல் படிகள். தொண்டிக் கடல் ஏறினாலும் இறங்கினாலும் ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும். இங்கே காலையில் படிகளை விழுங்கிக்கொண்டு நிற்கிற ஆறு, மத்தியானத்தில் அடிச்சேறு வரை காட்டிக்கொண்டு கிடந்தது. மஜீதா அதைப் பார்த்து முதலில் பயந்தாள், பிறகு பழகிக்கொண்டாள்.

சுப்ஹானுக்குப் பாதி வியாபாரம் கடையில், பாதி பாரிட் கெலாடியில். ஆற்றின் முகத்துவாரத்தைத் தாண்டி, கரையோரமாகப் போய், ஒரு கால்வாய்க்குள் நுழைந்தால் வருகிற மலாய்க் கிராமம் அது, கம்பம் என்பார்கள். சரக்கைப் படகில் ஏற்றிப் போய் விற்றுவிட்டு, கொப்பராவும் பாக்கும் வாங்கி வருவான். நடந்து போக வழி கிடையாது, சுற்றிலும் சதுப்புக்காடு.

வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாலு நாளில் வருகிறேன் என்று போனவன் எட்டு நாளாகியும் வரவில்லை. மஜீதா மாடிப்படியில் பாதி இறங்கி, திரைக்குப் பின்னால் நின்று, கடையில் வேலை பார்த்த லியாக்கத் அலியிடம் விசாரித்தாள். அவன் பதினைந்து வருஷமாக ஜொகூரில் இருப்பவன். பாக்கு நிறுத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னான்.

“ஆயர்மாத்தி புடிச்சிக்கிச்சு லாத்தா. அது விட்டாத்தான் வருவாங்க.”

“எப்பவும் இப்படித்தானா?”

“மாசம் ரெண்டு தடவ இப்படித்தான். ஒன்னும் செய்ய முடியாது லா.”

மஜீதா சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப் போனாள். ஆயமாத்தி. அவள் காதில் அப்படித்தான் விழுந்தது. மலாய்ப் பெண்களின் பெயர் எப்படியெல்லாம் இருக்கும் என்று அவளுக்கு என்ன தெரியும்? இது அப்படி ஒரு பெயர். மாதத்துக்கு இரண்டு முறை அவள் கணவனைப் பிடித்து வைத்துக்கொண்டு, விட மனம் வந்தால்தான் விடுகிற ஒருத்தி. அதைவிட அவளைச் சுட்டது, கடை ஆள் அதைச் சொன்ன விதம். மழை பெய்கிறது என்பதுபோல் சொன்னான். அப்படியானால் ஊருக்கே தெரியும்.

பிறகு அவள் காது அந்தப் பெயரைத் தேட ஆரம்பித்தது. கீழே கடையில் யாராவது உட்கார்ந்து பேசினால், பத்துப் பேச்சில் ஒரு பேச்சில் அது வந்தது. கொப்பரா வியாபாரி சொன்னான், சீனத் தவ்க்கே முதலாளி சொன்னான், மீன்காரன் சொன்னான். ஒருவன் அலுத்துக்கொண்டான், ஒருவன் சிரித்தான். இத்தனை ஆண்கள் வாயில் புரளுகிறவள் எப்படிப்பட்டவளாக இருப்பாள்? மஜீதா கண்ணாடி முன்னால் நின்று தன் நெற்றியைப் பார்த்தாள், மேல் உதட்டுக்கு மேலிருந்த மருவைப் பார்த்தாள். ஆயமாத்திக்கு மரு இருக்காது. அவள் கூந்தல் இடுப்புக்குக் கீழே இறங்கும். பதினெட்டு வயதுதான் இருக்கும்.

சுப்ஹான் பதின்மூன்றாம் நாள் வந்தான். முழங்கால் வரை சேறு. ஒரு கூடை மங்குஸ்தான் கொண்டுவந்தான். அவன் குளிக்கப் போனதும் மஜீதா கூடையைத் தூக்கி ஜன்னல் வழியாக ஆற்றில் கவிழ்த்தாள். கேட்டபோது, பழம் அழுகியிருந்தது என்றாள். மூன்று மாதம் இப்படியே போயிற்று. அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டு, அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் எங்கே போவது? கப்பலேறி இத்தனை தூரம் வந்ததே அதைச் சொல்ல வைக்கத்தான் என்பதும் அவளுக்கு மறக்கவில்லை. ஊர் நினைப்பு வந்துவிட்டது போலிருக்கிறது என்று சுப்ஹான் எண்ணிக்கொண்டான். புதுச் சேலை வாங்கிக் கொடுத்தான். அதையும் சந்தேகப்பட்டாள்.

கடைசியில் பால்காரி செல்லத்திடம்தான் கேட்டாள். செல்லம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், நாற்பது வயது, நாலு மாடு வைத்திருந்தாள். மலாயில் சண்டை போடும் அளவுக்கு அந்தப் பேச்சு வரும். பாலை ஊற்றிக்கொண்டிருந்தவளிடம் மஜீதா குரலைத் தாழ்த்தி, ஆயமாத்தி என்பவளை அவள் பார்த்திருக்கிறாளா, ஆள் எப்படி இருப்பாள் என்று கேட்டாள்.

செல்லத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் செம்பைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

“அது பொம்பள இல்லம்மா. தண்ணி. ஆயர்னா தண்ணி, மாத்தின்னா செத்தது. செத்த தண்ணின்னு சொல்றாங்க.”

கையை உயர்த்தியும் தாழ்த்தியும் காட்டி விளக்கினாள். மாதத்தில் இரண்டு முறை, தலைப்பிறையிலும் பௌர்ணமியிலும், தண்ணீர் தலை தெறிக்க ஏறும், அடி தெரிய இறங்கும். அதற்குப் பசாங் புசார், பெரிய தண்ணி என்று பேர். நடுவில் பாதிப் பிறை நாட்களில் ஏற்றமும் மந்தம், இறக்கமும் மந்தம். அதுதான் ஆயர் மாத்தி. பாரிட் கெலாடி வாயில் சேற்று மேடு இருக்கிறது. பெரிய தண்ணியில்தான் படகு அதைத் தாண்டும். உள்ளே போன ஆள் அந்த மூன்று நாலு நாளுக்குள் வெளியே வராவிட்டால், அடுத்த பெரிய தண்ணி வரை உள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

மஜீதா வெட்கத்தில் கதவை மூடிக்கொண்டாள். அன்றைக்கு வெகுநேரம் தொழுகைப் பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். மாலையில் எழுந்து, சுப்ஹானுக்குப் பிடித்த கோழி ஆணம் வைத்தாள். அவன் சாப்பிடும்போது நடந்ததைச் சொன்னாள். சுப்ஹான் கையில் எடுத்த சோற்றோடு அப்படியே இருந்தான். பிறகுதான் சிரித்தான். சிரிக்க ஆரம்பித்ததும் நிறுத்த மாட்டாமல் சிரித்தான்.

அதன் பிறகு இரண்டு மூன்று வருஷம் மஜீதா சந்தோஷமாக இருந்தாள். பிறைக் கணக்கு அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். எந்தப் பிறையில் எத்தனை படி முழுகும் என்று ஜன்னலிலிருந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். பிறை ஒன்று, இரண்டு, மூன்றிலும், பதினைந்து, பதினாறு, பதினேழிலும் தண்ணீர் ஒன்பது படிகளை மூடும். எட்டு, ஒன்பதில் ஆறாவது படிக்கு மேல் ஏறாது. கீழேயிருந்து லியாக்கத் அலி, பெரிய தண்ணி எப்போது லாத்தா என்று கேட்பான், திரைக்குப் பின்னாலிருந்து பதில் வரும். மற்றக் கடைக்காரர்களும் ஆள் அனுப்பிக் கேட்க ஆரம்பித்தார்கள். அந்தத் தெருவில் அவள் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு, அவள் கணக்கை நம்பாதவர்கள் இல்லை.

1929ஆம் வருஷம், ரஜப் மாதத்துக்கு முந்தைய பௌர்ணமித் தண்ணியில் சுப்ஹான் பாரிட் கெலாடிக்குப் போனான். அந்தத் தண்ணியில் வரவில்லை. சரி, அடுத்ததில் வருவான் என்று இருந்தாள். ரஜப் தலைப்பிறை வந்தது. தண்ணீர் ஒன்பது படிகளை மூடி, பத்தாவது படியையும் நனைத்தது. மூன்று நாளும் அப்படித்தான். அவள் மூன்று நாளும் ஜன்னலை விட்டு நகரவில்லை. அவன் வரவில்லை. வந்தது ரஜப் பிறை பதினாறில். ஒரு முழு மாதம் கழித்து.

சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னான்:

“என்ன செய்யிறது மஜீதா. தலைப்பிறைத் தண்ணி சரியாவே ஏறல. ஒரு மாசமா ஒரே ஆயர் மாத்தி.”

அவள் அவன் முதுகைப் பார்த்தபடி நின்றாள். பொய். அவளே கற்றுக்கொண்ட வார்த்தையில், அவள் கண்ணால் பார்த்த தண்ணீரை இல்லை என்கிறான். அவன் விரல் நகங்கள் மருதாணியில் சிவந்திருந்தன. சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

அடுத்து வந்த ஷஃபான் தலைப்பிறையின்போது சுப்ஹான் சரக்கு எடுக்கச் சிங்கப்பூர் போயிருந்தான். மஜீதா லியாக்கத் அலியைக் கூப்பிட்டு, விடிகாலையில் பாரிட் கெலாடிக்குப் படகு வேண்டும் என்றாள். அவன் ஏதேதோ சொன்னான். பெண்கள் போகிற இடமில்லை, பாம்பு, கொசு, சுப்ஹான் நானாவுக்குத் தெரிந்தால் கோபிப்பார். அவன் கெஞ்சக் கெஞ்ச, அவனுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும் என்பது அவளுக்கு விளங்கியது. துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, செல்லத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தண்ணீர் நிறைந்து நின்ற நேரத்தில் படகு கால்வாய்க்குள் நுழைந்தது. சுப்ஹான் தங்குகிற வீடு எது என்று படகுக்காரர் கேட்காமலே கொண்டு நிறுத்தினார். கால் வைத்துத் தூக்கிய பலகை வீடு. முற்றத்தில் கல்யாணப் பந்தலின் மூங்கில்களை இன்னும் பிரிக்கவில்லை. பாக்கு உலர்த்திக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். முன்பக்கம் நரைத்திருந்தது. கருத்த, அகலமான முகம், வெயிலில் சுருங்கிய கண்கள்.

மஜீதா இந்த முகத்துக்குத் தயாராகி வரவில்லை. பதினெட்டு வயசுக்காரியைத் திட்டுவதற்குத்தான் வழியெல்லாம் வார்த்தை சேர்த்திருந்தாள்.

அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

“தொண்டியா?” என்றாள். “வாங்க. மேல வந்து உக்காருங்க.”

தமிழ். அதுவும் தொண்டித் தமிழ். மஜீதாவின் வீட்டுத் தெருவில் பேசுகிற இழுப்போடு ஒரு மலாய்ப் பெண் பேசினாள். எத்தனை வருஷம் ஒருவன் பேசக் கேட்டிருந்தால் இது வரும் என்று நினைத்துக்கொண்டே மஜீதா படியேறினாள்.

அவள் பெயர் ரொகாயா. சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சுப்ஹானுக்கு இருபது வயதாக இருந்தபோது நிக்காஹ் நடந்தது. ஒரே மகள், ஜமிலா, பதினேழு வயது. போன மாதம் தலைப்பிறையில் அவளுக்குக் கல்யாணம். அதற்காகத்தான் வாப்பா இருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் உள்ளேயிருந்து வந்து சலாம் சொன்னாள். சுப்ஹானின் மூக்கு, சுப்ஹானின் காதுகள்.

மஜீதா கணக்குப் போட்டாள். தனக்குக் கல்யாணமானபோது இந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயது. அப்படியானால் சக்களத்தியாக வந்தவள் யார்?

“எனக்குச் சொல்லாமத்தான் ஊருல உங்களக் கட்டினாங்க,” என்றாள் ரொகாயா. “உம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு போனாங்க. வந்தப்ப கையில மருதாணி. நான் ஒரு வருஷம் பேசல.”

திட்டவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. அவர்கள் பேசிக்கொண்டிருந்ததில் தண்ணீர் இறங்கிவிட்டது. படகு சேற்றில் உட்கார்ந்தது. மாலைத் தண்ணி வரை இருக்க வேண்டும் என்று படகுக்காரர் கையை விரித்தார். மஜீதா ஒரு மூலையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். அழகியாக இருந்திருந்தால் பரவாயில்லை என்று நினைத்தாள். அழகு போய்விடும். இந்தப் பதினெட்டு வருஷத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? ரொகாயாவின் நரையைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். சுவரில் தொங்கிய சுப்ஹானின் பழைய தொப்பியைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். மத்தியானம் சோறும் சம்பாலும் வந்தது. வேண்டாம் என்றாள். செல்லம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டாள். அஸர் தொழுகை நேரத்தில் பசி தாங்கவில்லை. சாப்பிட்டாள். அந்தச் சம்பால் அவ்வளவு நன்றாக இருந்தது, அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கிளம்பும்போது ரொகாயா படகுவரை வந்தாள். ஆயர் மாத்தி வந்தால் தனக்குச் சந்தோஷம், பெரிய தண்ணி வந்தால் அவர் கிளம்பிவிடுவாரே என்று பயம் என்றாள். உங்களுக்கு அது மாறி இருக்கும் என்று சொல்லிச் சிரித்தாள். மஜீதா சிரிக்கவில்லை.

சுப்ஹான் சிங்கப்பூரிலிருந்து வந்ததும், பாரிட் கெலாடிக்குப் போயிருந்தேன், தண்ணி பெரிதாக இருந்தது என்றாள். அவன் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். சண்டை பல நாள் நடந்தது. ஊருக்குத் திரும்பப் போகிறேன் என்றாள், பெட்டியைக் கட்டினாள், பிரித்தாள். முடிவில் ஒரு ஏற்பாடு வந்தது. மாதத்தில் வருகிற இரண்டு செத்த தண்ணியில் ஒன்று அங்கே, ஒன்று இங்கே. மார்க்கப்படி அது சரி என்று மஜீதாவுக்குத் தெரியும். சரியானதைச் செய்கிறோம் என்பதால் எரிச்சல் குறையவில்லை. அவன் அங்கே இருக்கிற நாட்களில் அவள் ஜன்னலைத் திறக்கவே மாட்டாள். குழந்தை பிறக்கவில்லை என்பதும் அந்த நாட்களில்தான் அதிகம் உறுத்தும். ஏழு வருஷம் இப்படியே ஓடியது.

1936இல் சுப்ஹானுக்குக் காய்ச்சல் வந்தது. பிறை பதினாலில் படுத்தவன், பதினைந்தாம் நாள் எழுந்து உட்காரக்கூட முடியாமல் போனான். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, லியாக்கத் அலியிடம் தனியாக ஏதோ சொல்லிவிட்டுப் போனார். பதினாறாம் நாள் காலை, சுப்ஹான் கண்ணைத் திறந்து மஜீதாவின் கையைப் பிடித்தான்.

“ரொகாயாவுக்கு ஆள் அனுப்பு,” என்றான். “ஜமிலாவும் வரட்டும்.”

பதினாறாம் பிறை. வெளியே தண்ணீர் ஒன்பதாவது படியில் மோதிக்கொண்டிருந்தது. இப்போது ஆள் அனுப்பினால் மாலைத் தண்ணியில் வந்துவிடுவாள். வந்து இந்தக் கட்டிலருகில் உட்காருவாள். மலாயில் அவனோடு பேசுவாள், தனக்குப் புரியாத வேகத்தில். அவன் இவளுக்குத் தெரியாத இருபது வயசுக்காரனாக மாறி, அவளைப் பார்த்துக்கொண்டே போய்விடுவான். லியாக்கத் அலி வாசலில் நின்றான்.

“ஆயர் மாத்தி மச்சான்,” என்றாள் மஜீதா. “படகு போகாது. தண்ணி ஏறட்டும், அனுப்புறேன்.”

சுப்ஹான் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சரி என்பதுபோல் கண்ணை மூடினான். லியாக்கத் அலி கீழே இறங்கிப் போனான். மறுநாள் லுஹருக்குப் பிறகு சுப்ஹான் மௌத்தானான். அஸருக்குள் அடக்கம் செய்தார்கள்.

அடக்கத்துக்குப் பிறகு லியாக்கத் அலியே படகில் போய்ச் சொன்னான். தண்ணி மந்தமாவதற்குள் படகேறி, மூன்றாம் நாள் பாத்திஹாவுக்கு ரொகாயா வந்தாள். கணவன் இறந்து நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கிற பெண் வெளியே வரக்கூடாது என்று தெரிந்தும் வந்தாள். மேலே ஏறி வந்து, கட்டில் கிடந்த இடத்தைப் பார்த்தாள், தரையில் மஜீதாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். ஓதல் முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். அவள் கேட்காமலே மஜீதா சொன்னாள்.

“உங்களக் கூப்பிடச் சொன்னாங்க. நான் அனுப்பல. ஆயர் மாத்தின்னு சொல்லிட்டேன்.”

“தெரியும்,” என்றாள் ரொகாயா. “அன்னைக்கி என் வீட்டு வாசல்லயும் அதே தண்ணிதான் ஏறிச்சு. யாரும் வரலையேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

திட்டியிருந்தால் மஜீதா தாங்கியிருப்பாள். ரொகாயா எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சலாம் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

இத்தா முடிகிறவரை மஜீதா வெளியே வரவில்லை. முடிந்ததும் தொண்டியிலிருந்து தம்பி கடிதம் எழுதினான், வந்துவிடு என்று. அவள் போகவில்லை. கடையை லியாக்கத் அலி பார்த்துக்கொண்டான். அந்த மாதத்துப் பெரிய தண்ணியில் அவள் பாரிட் கெலாடிக்குப் படகேறினாள். ரொகாயா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பாயை மட்டும் விரித்தாள். முதல் இரண்டு பயணங்களில் இருவரும் பாக்கு வெட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் முறைதான் ரொகாயா தானாக ஆரம்பித்தாள். சுப்ஹான் முதன்முதலில் அந்தக் கம்பத்துக்கு வந்தபோது நீந்தத் தெரியாமல் சேற்றில் இடுப்பு வரை புதைந்து, வாப்பா வாப்பா என்று கத்திய கதையைச் சொன்னாள். அவள் தகப்பனார் கயிறு போட்டு இழுத்தாராம். கைலியைச் சேற்றிலேயே விட்டுவிட்டு வந்தானாம்.

மஜீதா அந்த சுப்ஹானைப் பார்த்ததே இல்லை. அவன் ரொகாயாவுக்கு மட்டும் சொந்தமானவன். கேட்கக் கேட்க நெஞ்சு காந்தியது. அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டாள். படகுக்காரர் வாசலில் வந்து நின்று, தண்ணி இறங்க ஆரம்பித்துவிட்டது என்றார். இறங்கட்டும் என்று சொல்லிவிட்டு, பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ரொகாயாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.